ரேடியல் நரம்பு: நாள் கணக்குக் குறிப்பேடு

ஜனவரி 5 (காயம் பட்ட நாள்)

பைக்கில் விழுந்து மேல்கை எலும்பு முறிகிறது, மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. வேலூர் நெடுஞ்சாலைப் பக்கம் பழகிப்போன காட்சி இது. எலும்பை ஒட்டிச் சுற்றிவரும், மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கவைக்கும் ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கிறது. அதிர்ச்சியில் செயலற்று நிற்கிறதா, உறை மிஞ்சி உள்ளிழை மட்டும் அறுந்ததா, மொத்தமாகத் துண்டானதா? 1943இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் செடன் வகுத்த இந்த மூன்றும் இன்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் கரண்ட் டெஸ்டை எந்த நாளில் எடுத்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் குறிப்பேடு.

தோல் பட்டறைக் கத்தியோ அரிவாளோ பட்ட சுத்தமான வெட்டு என்றால் இந்தக் குறிப்பேடு வேண்டாம். கரண்ட் டெஸ்டுக்குக் காத்திராமல் மூன்று நாளுக்குள் தைத்துவிட வேண்டும்.

ஜனவரி 8 (3ஆம் நாள்)

இன்று எடுக்கும் கரண்ட் டெஸ்ட் அறிக்கை ஆளை ஏமாற்றும். அறுந்த நரம்பின் கீழ்த்துண்டு உடனே சாவதில்லை. முழங்கையில் தூண்டினால் தசை நன்றாகவே துடிக்கும். அதைப் பார்த்து ‘நரம்பு நலம்’ என்று எழுதினால் பெரிய தவறு. தூண்டும்போது தசையில் பதிவாகும் மின் அலை (தசை அலை) அணைய ஏறக்குறைய 7 முதல் 9 நாள் ஆகும், உணர்வு நரம்பில் பதிவாகும் உணர்வு அலைக்கு 10, 11 நாள்.

ஜனவரி 16 (11ஆம் நாள்)

இப்போது கேட்டால் நரம்பு உண்மையைச் சொல்லும். முறிவுக்குக் கீழே தூண்டும்போது அலை முழு உயரத்தில் இருந்து, மேலே தூண்டும்போது வரவில்லை என்றால் அது வெறும் தடை, அதாவது அதிர்ச்சியில் செயலற்று நிற்கும் நரம்பு. பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில் கை தூக்கும். கீழேயும் அலை விழுந்திருந்தால் இழைகள் போய்விட்டன. நல்ல கையில் 10 மில்லிவோல்ட், அடிபட்ட கையில் 3 என்றால் சுமார் எழுபது சதவீத இழப்பு. எதிர்க்கையையும் அளக்காத அறிக்கையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

தை பிறந்தும் காலைக் குளிர் விடவில்லை. தோல் 32 டிகிரிக்குக் கீழே போனால் வேகம் டிகிரிக்கு நொடிக்கு 2 மீட்டர் அளவில் குறையும், அலை உயரமோ கூடும். உயரத்தை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிடுகிறோம் என்பதால் கையைச் சூடாக்காமல் தொடங்கக் கூடாது.

பிப்ரவரி 2 (28ஆம் நாள்)

தசைக்குள் ஊசி வைத்து அதன் மின்னோட்டத்தைப் பதியும் ஊசிச் சோதனைக்கு ஏற்ற நாள். நரம்பிழந்த தசை ஓய்விலேயே ஃபிப்ரிலேஷன், அதாவது தசையிழைகளின் தானான நுண்துடிப்பு, காட்டும். காயத்துக்கு அருகிலுள்ள தசையில் அது 10 முதல் 14 நாளில் தொடங்கும், தொலைவில் உள்ளதில் 3, 4 வாரம் பிடிக்கும். மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் சுத்தமாக இருந்து, முழங்கையை ஒட்டிய முன்கைத் தசையான பிரேக்கியோரேடியாலிஸும் விரல் நீட்டும் தசைகளும் ஃபிப்ரிலேஷன் காட்டினால் அடி முறிவு மட்டத்தில்தான்.

நரம்பைத் தூண்டும் சோதனையில், அலை உச்சம் தொட்ட பிறகும் கரண்டை 20 சதவீதம் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் பக்கத்து நரம்பும் தூண்டப்பட்டு இல்லாத அலை இருப்பதுபோல் தெரியும். அலை முதலில் கீழிறங்கித் தொடங்கினால் சந்தேகப்பட வேண்டும். எந்த விரல் அசைகிறது என்று கண்ணாலும் பார்க்க வேண்டும்.

உறை மிஞ்சியதா, துண்டானதா என்பதை இன்றும் இந்தச் சோதனை சொல்லாது. இதை வீட்டாரிடம் ஒளிக்கக் கூடாது.

பிப்ரவரி 9

தோளோடு இழுபட்ட கைக்கு ஒரு குறிப்பு. தொட்டால் உணர்வே இல்லை, ஆனால் உணர்வு அலை நன்றாக வருகிறது என்றால் மகிழ வேண்டாம். தண்டுவடத்திலிருந்தே நரம்பு வேர் பிடுங்கப்பட்டிருக்கிறது. உணர்வு நரம்பின் செல்முடிச்சு, பிடுங்கிய இடத்துக்கு வெளியே பிழைத்திருப்பதால்தான் அலை வருகிறது. தானாக வளர வழியில்லை. வேறொரு நல்ல நரம்பைக் கொண்டுவந்து இணைக்கும் நரம்பு மாற்று அறுவை பற்றி உடனே பேச வேண்டும்.

மே 5 (120ஆம் நாள்)

இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். முறிவிலிருந்து பிரேக்கியோரேடியாலிஸ் 10 செ.மீ. என்றால் 100 நாள், தொடக்கத் தாமதம் சில வாரம். ஆகவே ஊசியை முதலில் அங்கேதான் வைக்க வேண்டும். முயன்று அசைக்கச் சொல்லும்போது உயரம் குறைந்த, பல முனையுள்ள புது அலகுகள் (ஒரு நரம்பிழை இயக்கும் தசையிழைகளின் மின் அலைகள்) தெரிந்தால், கை அசையாவிட்டாலும் இழை வந்து சேர்ந்துவிட்டது. ஒன்றுமே இல்லை என்றால் ஆறு மாதம் தாண்டுமுன் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். தசை 12 முதல் 18 மாதத்துக்கு மேல் காத்திராது.

கத்திரி வெயிலில் வியர்வை மின்முனைகளை ஒன்றாக்கி அலையைச் சிதைக்கிறது. துடைத்து, உலரவிட்டு, பசையைக் கொஞ்சமாகத் தடவினால் போதும்.

நரம்பு திரும்பாவிட்டாலும் மணிக்கட்டைத் தூக்க வழி உண்டு. 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதே வேலூரில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றிக் கட்டத் தொடங்கினார். ரேடியல் நரம்பு போன கைக்கும் அந்த முறை பொருந்தும். அதுவரை மணிக்கட்டுக்குச் சிம்பு, விரல் மூட்டுகளுக்குத் தினமும் பயிற்சி. மூட்டு இறுகிவிட்டால் எந்த நாணை மாற்றியும் பயனில்லை.