கருஞ்சிறுத்தைக்கும் புள்ளி உண்டு

கருஞ்சிறுத்தை தனி இனம் இல்லைங்க, சாதாரணச் சிறுத்தைதான். ரோமத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஏசிப் (ASIP) மரபணுவின் மாறிய பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி கறுப்பு. ஒன்று மட்டும் வந்தால் வழக்கமான மஞ்சள். 

மலேசியத் தீபகற்பத்தில் கிட்டத்தட்ட எல்லாச் சிறுத்தையும் கறுப்பு. தானியங்கி கேமரா வைத்துக் கணக்கெடுப்பவர்களுக்குத்தான் தலைவலி. பகல் படத்தில் வெறும் கறுப்பு உருவம். ஒவ்வொரு சிறுத்தையையும் அடையாளம் காட்டும் புள்ளிகள் தெரியாததால் எது எதென்று பிரிக்க முடியாது. கேமராவின் ஒளி உணரியை மறைத்துவிட்டால் பட்டப்பகலிலும் இரவென்று ஏமாந்து அகச்சிவப்பு ஃப்ளாஷ் அடிக்கும். கறுப்பு ரோமத்தில் மறைந்திருந்த புள்ளிகள் அப்படியே தெரியும். இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றல்ல, அதனால் பாதையின் இருபுறமும் கேமரா வேண்டும். நேருக்கு நேராக வேண்டாம், ஒன்றின் ஃப்ளாஷ் மற்றதன் படத்தைக் கெடுக்கும். சற்றுத் தள்ளி வையுங்கள்.