வாடைக்காற்றில் சோடியம் வெட்டுவது

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் சோடியத்தை வெட்டிக் காட்டக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கத்தி இறங்கிய முகம் வெள்ளிபோலப் பளிச்சிடும். பின்வரிசைப் பிள்ளை எட்டிப் பார்க்குமுன் சாம்பல் பூத்துவிடும். காற்றின் ஒட்சிசனோடு வாடை கொண்டுவரும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒட்சைட்டு ஐதரொட்சைட்டாகும், அது காபனீரொட்சைட்டைப் பிடித்துக் காபனேற்றாகும். போத்தலில் துண்டுகள்மேல் இருக்கும் வெள்ளை ஓடு இவற்றின் கலவைதான். ஆகவே பிள்ளைகளை முதலில் மேசையைச் சுற்றி நிறுத்துங்கள், பிறகு வெட்டுங்கள்.

சோடியம், இலிதியம், பொற்றாசியம் மூன்றையும் ஒரே மாதிரி வைக்க முடியாது. சோடியம் பரபின் எண்ணெயில் அமிழ்ந்து கிடக்கும். இலிதியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.53 கிராம், எந்த எண்ணெயிலும் மிதந்து தலையை வெளியே நீட்டும், நீட்டிய பக்கம் நைதரசனோடுகூடத் தாக்கமுற்றுக் கறுக்கும். போத்தலை விளிம்புவரை எண்ணெயால் நிரப்பி இறுக்கி மூடுங்கள். பொற்றாசியத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பழைய துண்டில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் ஓடு படிந்திருந்தால் அது சுப்பரொட்சைட்டு, ஒட்சிசன் மிகுந்த ஒட்சைட்டு. கத்தி அந்த ஓட்டை எண்ணெயோடும் உள்ளிருக்கும் உலோகத்தோடும் சேர்த்து அழுத்தினால் வெடிக்கலாம். அப்படிப்பட்ட துண்டை வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். போத்தலோடு ஒதுக்கிவைத்து, அகற்றத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

தண்ணீரில் போடும் சோடியத் துண்டின் பக்கம் 4 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, பொற்றாசியம் என்றால் 3. நாலு மில்லிமீற்றர்க் கனத்துண்டு ஏறத்தாழ 60 மில்லிகிராம். நம் ஊர் வெப்பத்தில் 33 கன சென்ரிமீற்றர் அளவு ஐதரசன் தரும். பார்க்க அது தாராளம். சாவணத்தால் பிடித்து வடிதாளில் எண்ணெயை ஒற்றி எடுங்கள். அகன்ற கண்ணாடித் தொட்டியில் பாதியளவு தண்ணீர், காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினோத்தலின் சில துளி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. கடைசியாகச் சொன்னது துண்டு கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் இருக்க. ஒட்டிய துண்டு ஒரே இடத்தில் சூடேறித் தீப்பிடிக்கும், தொட்டியும் வெடிக்கும். வெயிலில் காய்ந்த தாங்கித் தண்ணீரும் வேண்டாம். தொடக்கமே சூடென்றால் சோடியமும் தீப்பற்றும். கடினமான கிணற்றுநீர் கலங்கும், இளஞ்சிவப்பும் பிந்தித்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், இடையில் ஒரு திரையும் வேண்டும். உலோகம் கரைந்து தெளிந்த மணிபோல ஒன்று மிஞ்சும்போது முடிந்ததென்று குனியாதீர்கள். அது சூடான ஐதரொட்சைட்டு உருண்டை, படாரென்று தெறிக்கும். கண்ணைத் தாக்குவது பெரும்பாலும் அதுதான்.

முதலாம் கூட்டத்தில் கீழே போகப்போகத் தாக்குதிறன் கூடும் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். வேகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் தண்ணீரோடு ஒரு மூல் இலிதியம் வெளிவிடும் வெப்பம் 222 கிலோயூல். சோடியம் 184, பொற்றாசியம் 196. கரைசலில் இலத்திரனை இழக்கும் நாட்டத்தைக் காட்டும் நியம மின்வாய் அழுத்தத்திலும் இலிதியமே முன்னால் நிற்கிறது: மறை 3.04 வோற்று. அதன் சிற்றயனைத் தண்ணீர் மூலக்கூறுகள் அத்தனை இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. பிறகு ஏன் அது மட்டும் அமைதியாக நுரைத்துக்கொண்டு மிதக்கிறது?

உருகுநிலையைப் பாருங்கள். இலிதியம் 180 பாகை, சோடியம் 98, பொற்றாசியம் 63. சோடியம் தன் வெப்பத்திலேயே உருகி உருண்டையாகி ஓடுகிறது. ஓட ஓடப் புதிய பரப்பு தண்ணீரைத் தொடுகிறது. இலிதியத்தைச் சுற்றியிருக்கும் தண்ணீரால் 100 பாகையைத் தாண்ட முடியாது, அதனால் அது திண்மமாகவே கிடக்கிறது. அதன் ஐதரொட்சைட்டின் கரைதிறனும் மற்றவற்றைவிடக் குறைவு. அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கத் தேவையான சக்தியும் அங்கே கூடத்தான்: மூலுக்கு 520 கிலோயூல், பொற்றாசியத்துக்கு 419. அதே கூட்டத்தில் இன்னும் கீழே இருக்கும் சீசியத்தின் உருகுநிலை 28.5 பாகை, அதாவது திருகோணமலைப் பகலில் அது பெரும்பாலும் திரவம்.

திரவப் பரப்பு என்ன செய்யும் என்பதைச் செக் நாட்டு இரசாயனவியலாளர் பாவெல் யுங்விர்த்தின் குழுவினர் 2015இல் காட்டினார்கள். சோடியம்–பொற்றாசியக் கலப்புலோகத் துளி தண்ணீரைத் தொட்டதும் இலத்திரன்கள் தண்ணீருக்குப் பாய்கின்றன. மிஞ்சும் நேரேற்றம் தன்னைத்தானே தள்ள, ஒரு மில்லிசெக்கனுக்குள் துளியிலிருந்து முட்கள் கிளம்புகின்றன. வெடிப்பை ஐதரசனின் தீயோடு மட்டும் முடிச்சுப்போடும் குறிப்புகளைத் திருத்த வேண்டும்.

சுவாலைச் சோதனைக்குக் கடற்கரை ஊர் கெட்ட இடம். விரலும் காற்றும் உப்பு, அதிலுள்ள சோடியத்தின் மஞ்சள் மற்ற நிறங்களை மறைத்துவிடும். நிக்குரோம் கம்பியைச் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்தில் தோய்த்துச் சுடுங்கள், மஞ்சள் போகுமட்டும். பொற்றாசியத்தின் ஊதாவை நீலக் கோபாற்றுக் கண்ணாடிக்கூடாகப் பாருங்கள்.

மிச்சத் துகள்களைக் குப்பையிலோ கழுவுதொட்டியிலோ போடவேண்டாம். சோடியத் துகள்களை உலர்ந்த புரப்பன்-2-ஓலில் ஒவ்வொன்றாகப் போட்டு, குமிழி நிற்கும்வரை நெருப்புக்குத் தூரமாக வையுங்கள். சோடியமோ பொற்றாசியமோ தீப்பிடித்தால் தண்ணீரும் கூடாது, காபனீரொட்சைட்டு அணைப்பானும் கூடாது. உலர்ந்த மணல் போடுங்கள். கடற்கரை மணலை அள்ளிவந்து வாளியில் வைத்தால் அது உலர்ந்த மணல் அல்ல. அதிலிருக்கும் கடலுப்பு, முக்கியமாக மகனீசியம் குளோரைட்டு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்னீரில் பலதடவை அலசி, தாச்சியில் வறுத்து, ஆறவிட்டு, இறுக மூடும் தகரத்தில் வையுங்கள். மாரியில் மாதம் ஒருமுறை திறந்து கைவிட்டுப் பாருங்கள். விரலில் மணல் ஒட்டினால் மறுபடி வறுக்க வேண்டும்.