ஒரு மாசமா வெளியே வராதவர் யார்?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பாலியேட்டிவ் குழுவை, அதாவது தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் குழுவை, ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். கையில் ஒரு வாட்டர் பெட், இரண்டு வீல்சேர். என் தையல் கடையின் பின்னறைதான் ஆபீஸ். முதல் ஆறு மாசத்தில் எங்களைத் தேடி வந்தது நாலே வீட்டார்.

தப்பு எங்கள் நோட்டீஸிலேயே இருந்தது. மலையாளத்தில் மட்டும் அடித்திருந்தோம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஓரத்தில் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். போதாததற்கு, பாலியேட்டிவ்காரர்கள் வாசலுக்கு வந்தாலே ஆள் பிழைக்கமாட்டார் என்ற பயம் வேறு. பக்கவாதம் வந்து படுத்தவர் எத்தனையோ வருஷம் இருப்பார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் போவது. இதை நோட்டீஸில் சொல்லிப் புரியவைக்க முடியாது, நேரில் உட்கார்ந்துதான் சொல்லணும்.

அதனால் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களுக்குப் போனோம். குடும்பஸ்ரீ 1998இல் கேரளத்தில் தொடங்கிய பெண்கள் அமைப்பு. அயல்கூட்டம் என்பது அதன் அக்கம்பக்கத்துக் குழு. ஒரு கூட்டத்துக்குப் பத்திலிருந்து இருபது பெண்கள். பத்து நிமிஷம் கேட்டு வாங்கினோம். பணம் கேட்கவில்லை. “உங்க தெருவில் ஒரு மாசமா வெளியே வராதவர் யாருங்க அக்கா?” இது ஒன்றுதான் கேட்டோம். முதல் நாளே மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் தென்னையில் கள் இறக்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாலு வருஷமாகப் படுத்திருந்தவர். என் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது பஞ்சாயத்து நர்ஸ். 2008இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான். எங்கள் சிஸ்டர் மலையாளி, தங்கமானவர். ஆனால் ஒரு பாட்டி “காந்துது” என்றால் அவருக்குப் பிடிபடாது. குத்துது, கடுக்குது, காந்துது, இழுத்துப் பிடிக்குது எல்லாம் வேறு வேறு வலி இல்லையா? அதை எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவர் கூடப் போக ஆரம்பித்தோம். புண் கழுவவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கவும் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்த நன்கொடையையும் விட இது எனக்குப் பெரிசு.

ஆட்டோ ஸ்டாண்டில் பதினொரு தம்பிகள் ஆளுக்கு மாசம் ஒரு சவாரி இலவசமாக ஓட்டுகிறார்கள். மெடிக்கல் ஸ்டோர் அண்ணன் டியூபும் யூரின் பேக்கும் வாங்கின விலைக்கே தருகிறார். ஒருவர் மட்டும் வீல்சேர் தருகிறேன், படுத்திருப்பவரோடு போட்டோ எடுக்கணும் என்றார். வேண்டாம் என்றோம். வீல்சேர் அப்போது ரொம்பத் தேவையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்தவர் வேதனையைக் காட்டி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் தினம். நமக்கு அது பொங்கலாகவோ மாட்டுப் பொங்கலாகவோ இருக்கும். முதல் வருஷம் ஊர்வலம் வைத்தோம், தமிழ் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. பொங்கல் அன்று எப்படி வருவார்கள்? மறுவருஷம் அயல்கூட்ட அக்காக்கள் வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்கே போனோம். அப்படிக் கூட வந்தவர்களில் ஏழு பேர் அப்புறம் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள்.

கள் இறக்கியவர் இப்போது வீட்டில் இருந்தபடியே எங்கள் நோட்டைப் பார்த்துக்கொள்கிறார். எந்த வாட்டர் பெட் எந்த வீட்டில் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். வரும் ஞாயிறு எருத்தேம்பதிப் பக்கம் இரண்டு அயல்கூட்டம் இருக்கிறது. அங்கே இதுவரை நாங்கள் போனதில்லை.