கொடி நுனியும் பேஸ் விளிம்பும்: வார்ஹாமர் நாட்குறிப்பு

செப்டம்பர் 9, திங்கள்

சனிக்கிழமை போட்டி. வார்ஹாமர் 40,000 (சின்னப் பொம்மைகளை, அதாவது மாடல்களை, மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு), பத்தாம் பதிப்பு. ஆர்மி லிஸ்ட் (என் படையில் யார் யார் என்ற பட்டியல்) போய்விட்டது, இனி மாற்ற முடியாது. மெல்ட்டாகன் என்னும் துப்பாக்கி வைத்திருக்கும் யூனிட்டை (மாடல் குழுவை) நம்பித்தான் எல்லாம். அதன் ரேஞ்ச், அதாவது சுடும் தூரம், 12 அங்குலம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தெரிகிறதா என்பதற்கு மாடலின் எந்தப் பகுதியிலிருந்தும் எதிரி மாடலின் எந்தப் பகுதியையும் பார்க்கலாம். சுவருக்கு மேலே கொடி நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவனைச் சுடலாம். அந்த நுனியிலிருந்து அவனும் திருப்பிச் சுடலாம். தூரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. பேஸ் (மாடலின் காலடித் தட்டு) விளிம்பிலிருந்து பேஸ் விளிம்புக்கு, மிக அருகிலுள்ள இரு புள்ளிகள். பேஸ் இல்லாத டாங்க் என்றால் உடல். பாதிச் சண்டை இங்கேதான் வருகிறது: துப்பாக்கி முனையில் டேப்பை வைத்து இழுக்கிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

கொடியை வெட்டிவிடலாமா? கூடாது, ஆதாயத்துக்குச் செய்ததாகத்தான் நடுவர் கண்ணுக்குப் படும்.

செப்டம்பர் 12, வியாழன்

மறுபடி மெல்ட்டா. ரேஞ்ச் என்பது சாய்கோடு, மேலிருந்து பார்த்துத் தரையில் அளப்பதில்லை. எதிரி 5 அங்குல உயர மாடியில், தரையளவில் 11 அங்குலம் தள்ளி நிற்கிறான் என்று வையுங்கள். 121-உம் 25-உம் 146. அதன் வர்க்கமூலம் 12.08. எட்டாது. 10.9-க்குள் போயாக வேண்டும். பாதி ரேஞ்சில், அதாவது 6 அங்குலத்துக்குள், ‘மெல்ட்டா 2’ என்ற விதிப்படி சேதத்தோடு 2 கூடும். அதே மாடிக்கு அந்த 6 அங்குலம் தரையில் வெறும் 3.3! ஏறக்குறைய சுவரடியில் போய் நிற்க வேண்டும். நடுவில் சுவர் குறுக்கிட்டு டேப் சாயாது. உயரத்தையும் தரைத் தூரத்தையும் தனித்தனியே அளந்து ஃபோனில் கணக்குப் போடுவதே வழி. அளப்பதற்குத் தடையில்லை, நகர்த்தும் முன்பே அளந்துகொள்ளலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

ரூயின்ஸ், அதாவது மேசையில் வைக்கும் இடிந்த கட்டடங்கள். எவ்வளவு உயரமான மாடலானாலும் அதைத் தாண்டியோ ஊடாகவோ பார்க்க முடியாது. ஏர்கிராஃப்ட் (விமான) மாடல்களுக்கு மட்டும் விலக்கு. ஜன்னல் ஓட்டை வழியே மறுபுறம் பளிச்சென்று தெரிந்தாலும் அப்படித்தான். உள்ளே இருப்பவனை வெளியிலிருந்து வழக்கம்போல் பார்க்கலாம். ஆனால் அவன் வெளியே பார்க்க பேஸ் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். விளிம்பு வெளியே துருத்தினால் ரூயின்ஸைத் தாண்டி அவனுக்கு ஒன்றும் தெரியாது, எதிரிக்கோ அவன் தெரிவான். புதியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இன்னொன்று: யூனிட்டில் ஒருவன் கண்ணில் பட்டு ரேஞ்சுக்குள் இருந்தால் போதும். சுவருக்குப் பின்னால் முழுக்க மறைந்தவனும் சாகலாம், காயத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது தற்காப்பவர். கொடிக்காரனைக் காப்பாற்ற இதுவே போதும்.

செப்டம்பர் 14, சனி, காலை

முதல் மேசையில் ரூயின்ஸுக்கு அடித்தட்டு இல்லை, பாயின்மேல் சுவர்கள் மட்டும். எல்லை எதுவென்று பகடை உருட்டுவதற்கு முன்பே எதிராளியோடு பேசி, நாலு மூலையிலும் டோக்கன் வைத்துவிட்டோம்.