யார் அனுப்பினது?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில், பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்டுத் துணைநிற்கும் உளவளத்துணை ஆசிரியராக இருக்கிறேன். பெயர், தரம், திகதி, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று பதிவேட்டை ஒழுங்காக நிரப்பி வைப்பேன். மேற்பார்வைக்கு வருபவர்கள் புரட்டிப் பார்த்துத் தலையசைப்பார்கள். பக்கம் நிறைந்தால் வேலை நடக்கிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

போன மார்கழி விடுமுறையில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'யார் அனுப்பினது?' என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். வகுப்பாசிரியர், வகுப்பாசிரியர், ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவர், மறுபடி வகுப்பாசிரியர். பிந்தி வந்தவன், அடிபட்டவன், போன் கொண்டுவந்தவள். தானாக வந்த பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கினார்கள். தாய் தகப்பன் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளருகிற பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சையை நினைத்து நித்திரை கொள்ளாத பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வரவில்லை?

தை மாதம் தரம் 10, 11 பிள்ளைகளிடம் பெயர் எழுதாத துண்டில் கேட்டேன். ஒருவர் எழுதியிருந்தார்: "ரீச்சர், உங்கட அறை வாசலில நிண்டால் ஒபிஸில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பிறகு அம்மாவுக்குப் போன் போகும்." இன்னொரு துண்டில் ஒரே வரி: "அது குழப்படிக்காரர் போற இடம்."

அந்த வரி என்னை இரண்டு நாள் விடவில்லை. "சொல்வழி கேக்காட்டி உளவளத்துணைக்கு அனுப்புவன்" என்று வகுப்பில் மிரட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டும் பேசாமல் கடந்து போயிருக்கிறேன்.

ஆசிரியர் கூட்டத்தில் அதைச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. அதிபர் நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் தந்தார். அங்கே யார் போனாலும் புத்தகம் எடுக்கப் போவதாகத்தான் தெரியும். ஒவ்வொரு வகுப்பிலும் போய், எதை வெளியே சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்து, யாரும் துன்புறுத்துகிறார்கள் என்றால் எதை மறைக்க முடியாது என்று விளக்கினேன். விடுமுறையில் நான் இல்லாதபோது கூப்பிட, சிறுவர்களுக்கான 1929, உளநலத்துக்கான 1926 என்ற இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் நூலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம்.

முதல் மாதம் பதிவேடு மெலிந்துபோயிற்று. மாசி கடைசியில் ஒருநாள், இடைவேளை மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள்.

"ரீச்சர், ஒருத்தரும் அனுப்பேல்லை. இருக்கலாமோ?"

கதிரையை இழுத்துப் போட்டேன்.