மச்சானுக்கு டி.எம்.சி., எனக்குக் கெளுத்தி

மேட்டூர் அணையில் தினமும் காலை 8 மணிக்குக் கணக்கெடுப்பார்கள். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. எட்டரைக்குள் அது தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் பாதிக்கு வந்து சேர்ந்துவிடும். எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போடுகிறவர் என் மச்சான். மனைவியின் அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம். அவர் வயசுக்காரர்கள் எல்லாம் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் சொல்லும்போது இவர் மட்டும் கன அடி போடுவார்.

நான் சேலத்துக்காரன். அதே எண்ணைத்தான் நானும் பார்க்கிறேன், ஆனால் பார்க்கிற காரணம் வேறு. டேமில் தண்ணி இறங்க இறங்க மீன் ஒரே இடத்தில் ஒடுங்கும். வலையில் நல்லா விழும், விலையும் இறங்கி வரும். 2023 அக்டோபரில் நீர்மட்டம் 31 அடிக்கும் கீழே போய், பாசனத்துக்குத் தண்ணி விடுவதையே நிறுத்தினார்கள். மச்சான் குழுவில் வரிசையாக அழுகிற பொம்மை போட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கெளுத்திக் குழம்பு. அதைப் போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டது என் மனைவி. இன்றுவரை பழி என் மேல்தான் இருக்கிறது.

2024-இல் ஜூன் 12 வந்தது, போனது. டெல்டாவின் குறுவை நெல்லுக்கு அணை திறக்கிற தேதி அது. திறக்கத் தண்ணி இல்லை. மச்சான் குழுவுக்கே வரவில்லை. ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்துக்கொண்டது. கர்நாடகத்து அணைகளில் கபினி நிரம்பியது, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பியது, அங்கே வைத்துக்கொள்ள இடமில்லாத தண்ணி எல்லாம் ஒகேனக்கல் வழியாக இங்கே இறங்க ஆரம்பித்தது. மாத நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை, நாளுக்கு நாள் அடிக்கணக்கில் ஏறுகிறது. மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

"நேர்ல பாக்கணும் மாப்ள. அப்படியே டேம் மீனும் சாப்பிடணும்."

இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்று எனக்குத் தெரியும். வீடு தேடி வந்த மச்சானிடம் அதை எப்படிச் சொல்வது?

பண்ணவாடிக்குப் போனோம். தண்ணி வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியுமே, அந்த ஊர். போன வாரம் வரை காய்ந்த மண்ணில் நின்று எல்லார் செல்ஃபியிலும் விழுந்த நந்தி, இப்போது தண்ணிக்குள். எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற பரிசல்கார அண்ணனின் கொட்டாயைத் தேடினால் அதையும் காணோம்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?" என்று போன் அடித்தேன்.

"மேல வாங்க தம்பி. நேத்து இருந்த எடத்துல இப்ப மீனு குடியிருக்குது."

மேலே போய்ப் பார்த்தால் மனிதர் மறுபடியும் கொட்டாயைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் கரை தாம்பாளம் மாதிரி, சரிவே கிடையாது. அணையில் ஓர் அடி ஏறினால் இங்கே தண்ணி எங்கேயோ வந்து நிற்கும். கோடையில் தண்ணியைத் துரத்திக்கொண்டு கொட்டாய் கீழே போகும். இப்போது தண்ணி கொட்டாயைத் துரத்துகிறது. அண்ணன் ஒரு வேலாங்குச்சியில் சிவப்புத் துணி கட்டி, தண்ணி ஓரத்தில் குத்தி வைத்திருந்தார். எங்களுக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் குச்சியைச் சுற்றித் தண்ணி. ஓரமெல்லாம் காய்ந்த சாணி, ஒற்றைச் செருப்பு, நுரை, நுரைக்குள் தத்தளிக்கிற வெட்டுக்கிளி. யாரோ வற்றின நிலத்தில் விதைத்திருந்த சோளத்தட்டையில் எறும்புகள் சாரை சாரையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நுனிக்குப் போனவை அங்கிருந்து எங்கே போவதென்று தெரியாமல் திரும்பி இறங்க, ஏறுகிறவற்றோடு முட்டி ஒரே டிராஃபிக் ஜாம்.

மச்சான் முகத்தைப் பார்க்கணுமே! பேரன் பிறந்த ஆஸ்பத்திரியில்கூட அப்படிச் சிரித்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி, "வருதுடா! வருதுடா!" என்கிறார்.

"வருதுங்க சார். கொஞ்சம் இந்தக் குண்டாவைப் பிடிங்க" என்றார் அண்ணன்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். டெல்டா விவசாயி தலையில் அலுமினியக் குண்டான், தோளில் நைலான் வலை, கையில் தராசு. மேட்டில் ஏறிக்கொண்டே கணக்குச் சொல்கிறார்: "11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தா ஒரு டி.எம்.சி. மாப்ள. ஒரு லட்சம் வந்தா எட்டரைக்கு மேல! மொத்தக் கொள்ளளவே 93.47-தானே?" மூச்சு வாங்குகிறது. மூங்கிலின் அந்த முனையைப் பிடித்திருந்த நான், "ஆமாங்க மச்சான்" என்றேன். அண்ணனின் சம்சாரம் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு என்ன, பி.டபிள்யூ.டி. ஆபீசருங்களா?" என்று கேட்டார்.

கொட்டாயை மேலே நிறுத்தின பிறகு மச்சான் விஷயத்துக்கு வந்தார். "சரிண்ணே, மீன் என்ன இருக்கு? கட்லா? ஆரால்?"

அண்ணன் சிரிக்கவில்லை. "தண்ணி கம்மியா இருந்தா மீனு எங்க சார் போவும்? நம்ம வலைக்குத்தான் வந்தாவணும். இப்ப அதுக்கு ஊரு பெருசாயிடுச்சு. சோளக்கொல்லைக்குள்ள பூந்து மேயுது. எந்தக் கொல்லைன்னு போய்த் தேடறது? வலை போட்டா செந்தண்ணியில மரக்கொப்பும் குப்பையும் வந்து கிழிச்சுப்போட்டுட்டுப் போவுது. ஆத்துப் பக்கம் எறங்காதீங்கன்னு மைக்கு வேற வெச்சுச் சொல்றாங்க."

"எப்பதான் கிடைக்கும்?"

"தண்ணி ரொம்பி, தெளிஞ்சு, மறுபடி எறங்கணும் சார். எறங்க ஆரம்பிச்சாத்தான் எங்களுக்குச் சோறு."

மச்சான் சட்டென்று எழுந்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா எறங்கணும்னு சொல்லாதீங்கண்ணே!"

"எறங்காம எப்படிங்க சார்? உங்க ஊருக்குத் திறந்து விட்டா இங்க எறங்கத்தானே செய்யும்?"

மச்சானிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் இந்த அணையில் மீன் பிடிக்கிறவனுக்கும் தஞ்சாவூரில் நெல் போடுகிறவனுக்கும் ஒரே நாளில் நல்ல காலம் பிறக்கிறது, மதகு திறக்கிற நாள். அதற்கு முன்னால் நிரம்புகிற காலத்தில்தான் ஒருத்தர் கூத்தாடுகிறார், இன்னொருத்தர் குண்டான் தூக்குகிறார். அன்றைக்கு என் புண்ணியத்தில் இரண்டையும் ஒரே ஆள் செய்தார்.

கிளம்பும்போது அண்ணன் மனசு கேட்காமல் ஒரு பொட்டலம் கொடுத்தார். கோடையில் பிடித்து உப்புப் போட்டுக் காயவைத்த கருவாடு. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "மூட்டை தூக்குனதுக்குக் கூலி சார்."

ஆனால் மச்சானுக்கு டேம் மீன் ஆசை தீரவில்லை. வழியில் ஒரு ரோட்டோரக் கடை. 'மேட்டூர் டேம் மீன்' என்று அட்டை. பெட்டி நிறைய ஒரே அளவில் ரோகு, மேலே தூளாக்கின ஐஸ். டேமே கலங்கிக் கிடக்கிற வாரத்தில் இத்தனை மீன் எங்கிருந்து வரும்? கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆந்திரா லோடுங்ணா. இந்த சீசனுக்கு அதுதான்" என்றார்.

மச்சான் ஒரு மீனைத் தூக்கி, செவுளை விலக்கிப் பார்த்து, பெட்டியிலேயே வைத்தார்.

"காவிரித் தண்ணிக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனோம் மாப்ள. கடைசில கோதாவரி மீனைத் திங்கச் சொல்றீங்க."

இருந்தாலும் ஒரு கிலோ வாங்கினார். பொரித்தால் எல்லா ஆறும் ஒண்ணுதான் என்றார்.

ஜூலை 28-ஆம் தேதி டெல்டாவுக்குத் தண்ணி திறந்தார்கள். 30-ஆம் தேதி நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது, 16 கண் மதகு வழியாக உபரி போக ஆரம்பித்தது. குழுவில் மச்சான் போட்ட வாணவேடிக்கைப் பொம்மைகளைத் தள்ளிக்கொண்டே போனால் கட்டைவிரல் வலித்தது. கீழே தனியாக எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், குரலைத் தாழ்த்தி: "மாப்ள, சம்பா அறுவடையெல்லாம் முடிஞ்சு பங்குனி சித்திரையில டேம் ஒரு அம்பது அடி வாக்குல இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. அப்ப ஒரு போன் பண்ணுங்க. இதைக் குரூப்ல போட்டுறாதீங்க."