செருப்போடு தடா கிளம்புறவங்களுக்கு

காலையில் சென்னை மாதவரம் பஸ் ஸ்டாண்டில், ஆந்திராவில் இருக்கும் தடா அருவிக்குக் கிளம்பிய பசங்க கூட்டம். ஆறு பேருக்கு ஒரே ஒரு லிட்டர் பாட்டில். காலில் ரப்பர் செருப்பு.

வரதய்யபாளையம் தாண்டிக் காட்டுக்குள் போவதை ரோடுன்னு நம்பாதீங்க, அது ஜீப் தடம். மழைத் தண்ணி சக்கரப் பள்ளத்தில்தான் ஓடும். மண்ணை அரித்துக்கொண்டு போய், உருண்டைக் கல்லை மட்டும் விட்டுவைக்கும். கால் பிசகுவது அங்கேதான். ரெண்டு பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் திட்டு மேல நடங்க.

இறக்கத்தில் பெருவிரல் ஷூ நுனியில் இடிக்கும். கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் நகம் தப்பிக்கும்.

தண்ணி ஆளுக்கு 3 லிட்டர். சித்திரை வெயிலில் அதுவும் பத்தாது.

ஓடையைக் கடக்கும்போது ஷூவைக் கழற்றாதீங்க. ஷூ நனைஞ்சா காயும், மண்டை உடைஞ்சா?

முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு ஓடையில் இறங்குங்க. வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியணும். பாசி படிந்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம்.

தெளிந்த தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மலை மேல மழை. இங்கே வெயில் சுள்ளுனு அடிச்சாலும் சரி, உடனே கரையேறி மேட்டுக்குப் போயிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வெள்ளத்துக்கு வாய்ப்பு அதிகம். அப்போ கேட் மூடியிருந்தால் வாட்ச்மேனிடம் மல்லுக்கு நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.